பிளாட்பாரம் உயர்ந்ததும் பள்ளமாகிப்போன ஸ்டேஷன்

பழைய ரயில் நிலையம் ஒன்றைச் சீரமைக்க வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், பேச்சு என்ன நிறம் அடிக்கலாம் என்பதில்தான் ஆரம்பிக்கும். சுண்ணாம்புக் கட்டிட வேலை என் பிழைப்பு. செட்டிநாட்டு வீடுகள், ஒன்றிரண்டு சத்திரங்கள், ஒரு பழைய பள்ளிக்கூடம் என்று பார்த்துக்கொண்டிருந்தவன், தஞ்சை டெல்டாவில் ஒரு சின்ன ஊரின் மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளியுள்ள பாதை) காலத்து நிலையத்தைச் சரிசெய்யப் போனேன். அங்கேயும் முதல் கூட்டம் முழுக்க நிறம்தான் ஓடியது. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். கமிட்டியில் யாருக்கும் தெரியவில்லை. வாசலில் டீ விற்கும் அக்கா மட்டும் பதில் சொன்னார்: "எங்க போவும்? உள்ளதான் வரும்."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்காத வேலை அங்கே அதிகம் இல்லை.

நிலையம் இருப்பது மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் போகும் பழைய பாதையில். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தப் பாதையில் மிச்சமிருக்கும் பல நிலையங்களுக்கும் நான் சொல்வது பொருந்தும். நடுவில் திறந்த கூடம், ஒரு பக்கம் டிக்கெட் அறை, மறுபக்கம் ஸ்டேஷன் மாஸ்டர் அறை, முன்னால் மங்களூர் ஓடு வேய்ந்த தாழ்வாரம். அகலப் பாதை வந்தபோது சற்றுத் தள்ளிப் புதுக் கட்டிடம் எழும்பியது. பழையது பூட்டப்பட்டு, இடிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஏறியது. ஊர்க்காரர்கள் மனு மேல் மனு போட்டு, பணமும் திரட்டி, ரயில்வே பொறியாளரின் மேற்பார்வையில் நாங்களே செய்துகொள்கிறோம் என்று அனுமதி வாங்கினார்கள். அதற்குள் கட்டிடத்துக்குப் பாதி உயிர் போயிருந்தது.

வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் கரண்டியைத் தூக்கினால் எதை வைப்பது, எதை எடுப்பது என்று புரியாது. ஊரில் கேட்டால் "வெள்ளைக்காரன் கட்டினது, இருநூறு வருஷம்" என்பார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயிலே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856-ல்தான் கிளம்பியது. டெல்டாவுக்குள் நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதை 1861-ல் வந்தது, அதுவும் அகலப் பாதையாக. 1870-களில் அதை மீட்டர்கேஜாகச் சுருக்கினார்கள், நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி அகலமாக்கினார்கள். இதைச் சொன்னால் நம்பாதவர்கள் இன்றும் உண்டு.

எங்கள் பாதையின் கதை இன்னும் சுவையானது. மயிலாடுதுறை–முத்துப்பேட்டை பாதைக்குப் பணம் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலம் வைத்திருந்தவர்களிடம் ரயில்வேக்கென்று தனியாகச் செஸ் என்ற கூடுதல் வரி வசூலித்து, 1894-ல் பாதையைத் திறந்து, ஓட்டும் பொறுப்பைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் கொடுத்தார்கள். 1903-ல் அது அறந்தாங்கி வரை நீண்டது. ஆக, "வெள்ளைக்காரன் கட்டினது" என்பது பாதி உண்மை. காசு காவிரிப் பாசனத்தில் நெல் விளைவித்தவர்களின் காசு. இதைக் கமிட்டிக் கூட்டத்தில் சொன்னபோது, அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நன்கொடை ரசீதுப் புத்தகம் அதற்கப்புறம்தான் வேகமாகக் கரைந்தது.

இந்த விவரங்களைத் தேட ரொம்ப அலைய வேண்டாம். 1906-ல் ஹெமிங்வே என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய தஞ்சாவூர் மாவட்ட கெஜட்டியரில் (மாவட்ட விவரத் தொகுப்பில்) ஜில்லா போர்டு ரயில்வே பற்றி இருக்கிறது. எந்தப் பகுதி எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்பதை ரயில்வே போர்டு அவ்வப்போது அட்டவணையாக அச்சிட்டிருக்கிறது. மேற்கொண்டு வேண்டுமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆனால் இவை எல்லாம் பாதையின் வயதைத்தான் சொல்லும். கட்டிடத்தின் வயதைக் கட்டிடத்திடம்தான் கேட்க வேண்டும்.

தாழ்வாரத் தூண்களைப் பாருங்கள். பழைய நிலையங்களில் அவை பெரும்பாலும் உபயோகம் முடிந்த தண்டவாளங்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில், பெயிண்டைச் சுரண்டினால், தயாரித்த ஆலையின் பெயரும் வருடமும் புடைத்த எழுத்தில் தெரியும். எங்கள் தூண் ஒன்றில் 1880-களின் வருடம் இருந்தது. உடனே ஒருவர் அதைக் கல்வெட்டில் போட வேண்டும் என்றார். தண்டவாளம் தயாரித்த வருடம் அது, தூண் நட்ட வருடம் இல்லை. எங்கேயோ ரயிலைச் சுமந்து தேய்ந்த பிறகுதானே அது தூணாக வந்திருக்கும்? அதனால் அந்த எண்ணுக்கு முன்னால் தாழ்வாரம் இருந்திருக்க முடியாது என்று மட்டும்தான் அது சொல்லும். ஓடுகளும் அப்படித்தான். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை போட்ட பிறகு பல கம்பெனிகள் முத்திரை போட்ட ஓடுகளை அனுப்பின. ஓடு உடையும், மாற்றுவார்கள். ஒரே கூரையில் நாலு கம்பெனி முத்திரை இருந்தது.

உண்மையைச் சொன்னது சுவர்தான். தாழ்வாரத்தின் மரச்சட்டம் செருகிய இடத்தில், வளைவுக்கு மேலே ஓடிய அழகான பூச்சு வரியை வெட்டி ஓட்டை போட்டிருந்தார்கள். சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்த பூச்சில் மழையும் வெயிலும் பட்ட கறை. முதலிலிருந்தே தாழ்வாரம் இருந்திருந்தால் அந்தக் கறை வந்திருக்காது. ஆகவே கூடம் முதலில், தாழ்வாரம் பிறகு, டிக்கெட் அறையின் நீட்டிப்பு அதற்கும் பிறகு. ஒரு கட்டிடத்துக்கு ஒரே பிறந்தநாள் என்று நினைக்காமல் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக வயது பார்த்தால், பின்னால் வரும் பாதி சண்டை இல்லாமல் போகும். கல்வெட்டில் கடைசியில் பாதை திறந்த வருடத்தை மட்டும் போட்டார்கள்.

காகிதத்திலும் சுவரிலும் இல்லாததை ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன் (வண்டிக்குத் தண்டவாளத்தை மாற்றிவிடும் ஊழியர்) ஒருவர் கொடுத்தார். முதலில் அவர் வீட்டுக்குப் போய் "பழைய கதை சொல்லுங்க ஐயா" என்றோம். கம்பன் எக்ஸ்பிரஸ் கூட்டம், ஒரு வெள்ளம், ஒரு அமைச்சர் வந்து இறங்கியது என்று எல்லாரும் சொல்வதையே அவரும் சொன்னார். அப்புறம் ஒருநாள் நிலையத்துக்கே கூட்டிவந்து, "ராத்திரி வண்டி வரும்போது நீங்க எங்க நிப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். மனுஷனின் உடம்பே மாறிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் மூலைக்குப் போய்த் தரையைக் காலால் தட்டினார்.

"இங்கதான் தம்பி டோக்கன் மிஷின். ரெண்டு. ஒண்ணு மேக்கால ஸ்டேஷனுக்கு, ஒண்ணு கெழக்க."

தூசியைத் தள்ளிப் பார்த்தால் தளத்தில் நான்கு நான்காகப் போல்ட் துளைகள். நீல்ஸ் பால் டோக்கன் கருவி நின்ற இடம். இரண்டு நிலையங்களுக்கு இடையிலான ஒற்றைப் பாதைக்கு, இரு முனையிலும் ஒவ்வொரு கருவி. மின்கம்பியால் இரண்டும் இணைந்திருக்கும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு இரும்புப் பந்துதான் வெளியே வரும், அது கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, நிற்காத வண்டிக்கு ஓடும்போதே நீட்ட வேண்டும். கையை எந்த உயரத்தில் வைத்தால் வளையம் தோளில் அடிக்காது என்று அவர் செய்து காட்டினார். வாங்கும் வளையத்தில் அடிபட்ட தழும்பு முழங்கைக்கு மேலே இன்னும் இருக்கிறது.

அந்தப் போல்ட் துளைகளை அடைத்து மேலே டைல்ஸ் போடுவதாகத்தான் முதலில் திட்டம். அவர் வந்துபோன பிறகு திட்டத்தை மாற்றினோம். பழைய ஊழியர்களிடம் கேட்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: வீட்டில் உட்கார வைத்து வரலாறு கேட்காதீர்கள், வேலை செய்த இடத்தில் நிறுத்தி வேலையைக் கேளுங்கள். மனசு மறந்ததைக் காலும் கையும் எடுத்துக் கொடுக்கும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

மீட்டர்கேஜ் காலத்தில் அந்த ஊரில் பிளாட்பாரம் தாழ்வு. பெட்டியின் படியில் கால் வைத்து ஏறுவார்கள். கட்டிடத்தின் தளம் அதைவிட ஒரு படி மேலே இருந்தது. அகலப் பாதையில் உயர்மட்டப் பிளாட்பாரம் என்றால் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை. பிளாட்பாரத்தை அந்த அளவுக்கு நிரப்பி உயர்த்தியபோது பழைய கட்டிடம் இருந்த இடத்திலேயே குழிக்குள் நின்றுவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாட்பாரத்தின் தளம் சமமாக இருக்காது. தள்ளுவண்டியோ சக்கரம் வைத்த பெட்டியோ உருண்டு தண்டவாளத்தில் விழக் கூடாது என்பதற்காக, தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கமாக லேசான சரிவு கொடுப்பார்கள், ஏறக்குறைய அறுபதுக்கு ஒன்று. பயணிக்கு நல்லதுதான். ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பது நம் கட்டிடம். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை அத்தனையும் அந்த நீளப் பிளாட்பாரத்தில் விழுந்து, நேராகக் கூடத்தின் வாசற்படிக்கு வரும்.

இதற்கு முன்னால் செய்த மராமத்து என்ன தெரியுமா? உள்சுவர் முழுக்க இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சு. ஓதம் தெரியக் கூடாதல்லவா? செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும், பக்கவாட்டில் காற்றில் விட்டுவிடும். வியர்க்கிற உடம்புக்கு ரெயின்கோட் போட்ட மாதிரி சிமெண்டால் மூடினால், வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறும். சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே வெளியே வரும். வரும்போது மண்ணிலிருக்கும் உப்பையும் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகும். உப்பு காய்ந்து படிகமாகும்போது செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும். எங்கள் கொத்தனார் சுவரில் பூத்திருந்த வெள்ளையை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஊறுகாய் போடலாம் சார்" என்றார். சிமெண்டைத் தட்டியதும் அது பலகை பலகையாகக் கழன்று வந்தது. பின்னால் செங்கல் ரவை மாதிரி உதிர்ந்தது.

செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாட்பாரத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு வடிகால் வெட்டி, மேலே இரும்புக் கம்பி மூடி போட்டு, நிலையத்துக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் சேர்த்தோம். கூடத்துக்கு இறங்க இரண்டு படியும், ஓரத்தில் ஒரு சாய்தளமும். கட்டிடத்தைச் சுற்றி மண் ஏறி மூடியிருந்த பேஸ்மட்டத்தைத் தோண்டி வெளியே எடுத்தோம். உள்ளே சிமெண்ட் முழுவதையும் உரித்துவிட்டு, சுவரைச் சும்மா விட்டுவிட்டோம். ஒரு கோடைக்காலம் முழுக்க.

இதைத்தான் யாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நன்கொடை கொடுத்தவர்கள் வந்து பார்த்தால் உரித்துப் போட்ட சுவர், பூட்டிய கதவு, ஆள் நடமாட்டம் இல்லை. "வேலை நின்னுபோச்சா?" என்று போன் மேல் போன். சுவர் காய்வதுதான் வேலை என்று எத்தனை தடவை சொல்வது? கடைசியில் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஈரம் நிற்கும் கோட்டை வரைந்து, பக்கத்தில் தேதி போட்டு வைத்தேன். வாரா வாரம் கோடு இறங்கியது. அதைப் பார்த்த பிறகு போன் குறைந்தது. வேலையின் முதல் மாதத்தில் பணம் கொடுத்தவருக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்காக ஈரச்சுவரில் பூசிவிட்டால் அடுத்த தைக்குள் எல்லாம் கீழே கிடக்கும். பெயர்ப்பலகையைச் சரிசெய்யுங்கள், கதவு ஜன்னலுக்கு எண்ணெய் போடுங்கள், அதைக் காட்டுங்கள்.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களுக்கு மேலே, ஒரு அங்குலக் கனமுள்ள மெல்லிய செங்கல்லை நிமிர்த்தி, மூலைவாட்டில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதற்கு மேல் தட்டோடு. மேலே ஏறிப் பார்த்தால் ஒழுகிய ஒவ்வொரு முறையும் ஒரு அடுக்கு போட்டிருக்கிறார்கள். தட்டோட்டுக்கு மேல் சிமெண்ட், அதற்கு மேல் இன்னொரு சிமெண்ட், நடுவே தார். அத்தனை பாரமும் உத்தரத்தின் தலையில். ஒழுக்கு மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் தண்ணீர் நடுத்தளத்தில் இறங்கவே இல்லை. கைப்பிடிச் சுவரின் அடியில், மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்துக்கொண்ட இடத்தில் தேங்கி இறங்கியது. கூரை ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் தூம்புக்குள் கையை விட்டுப் பாருங்கள். எங்கள் தூம்பிலிருந்து வந்தவை காக்கைக் கூட்டுக் கம்பி, ஒரு ரப்பர் செருப்பு, அரசமரக் கன்று.

அரசங்கன்றைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் மேலே உள்ளது கையோடு வரும், வேர் சுவருக்குள் நிற்கும், அடுத்த மழைக்கு மூன்றாகத் துளிர்க்கும். தண்டை அறுத்துவிட்டு, வெட்டுவாயில் அப்போதே களைக்கொல்லி தடவி, வேர் செத்து சுருங்கிய பிறகு எடுத்து, அந்தச் சந்தில் சுண்ணாம்புச் சாந்தை ஊற்றி அடைக்க வேண்டும். பெரிய வேரென்றால் செங்கல்லைக் கழற்றித்தான் எடுக்க முடியும்.

உத்தரங்களில் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருந்தது. சுவருக்குள் செருகிய நுனிகள்தான் சிலவற்றில் உளுத்திருந்தன. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கனமான ஸ்க்ரூடிரைவரால் சுவரோரம் குத்தினேன், இரண்டு இடத்தில் கைப்பிடி வரை உள்ளே போனது. முழு உத்தரத்தையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட நுனியை மட்டும் வெட்டிவிட்டு, பழைய தேக்கிலேயே ஒட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் அடித்தோம். உளுத்த இரண்டும் இருந்த ஒரு அறையின் தளத்தை மட்டும் பிரித்தோம். மொத்தக் கூரையையும் ஒரேயடியாகப் பிரிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆவணிக்குப் பிறகு டெல்டாவில் கூரையைத் திறந்து போடுகிறவன் வானத்திடம் கடன் வாங்குகிறான்.

சுண்ணாம்புக்கு ஆள் கிடைக்குமா என்பதுதான் எல்லாரும் கேட்பது. கிடைப்பார்கள், தேட வேண்டும். செட்டிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் குழுக்களில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாயால் சொல்வதை நம்பாமல் ஒரு சதுர கெஜம் மாதிரி பூசச் சொல்லி, காய விட்டு, பிறகு பேசுங்கள். எங்களிடம் வந்த முதல் ஆள் சுண்ணாம்புக் கலவைக்குள் யாரும் பார்க்காதபோது சிமெண்ட் போட்டார், சீக்கிரம் இறுகட்டும் என்று. அவர் கெட்டவரில்லை. அவர் கற்ற வேலையில் மறுநாள் இறுகாத பூச்சு தோற்றுப்போன பூச்சு. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெதுவாகக் கல்லாகிறது. அதுவரை ஈரச்சாக்கு போட்டு, வெயில் நேராகப் படாமல் காக்க வேண்டும். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டரை என்று வைத்தோம், அடிப்பூச்சில் செங்கல் தூளும் சேர்த்தோம். டெரஸ் தளத்துக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். தளத்தை மரக்கட்டையால் அடிப்பதற்குச் சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கட்டை துள்ளி எழும்பும்வரை அடிக்க வேண்டும். அந்த ஓசை மாறுவதை வைத்தே தளம் ஆகிவிட்டது என்று மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ரயில் ஓடும் இடத்தில் வேலை என்பதால் சில விஷயங்கள் வீட்டு வேலை போலக் கிடையாது. அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்தில் நுழைவதே 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம், நல்லெண்ணம் கணக்கில் வராது. எழுத்தில் அனுமதி, அதன் நகல் எப்போதும் மேஸ்திரியின் சட்டைப்பையில். பிளாட்பாரத்தில் கடப்பாரை இறங்கும் முன் சிக்னல் பிரிவுக்காரர் வந்து கேபிள் எங்கே ஓடுகிறது என்று காட்ட வேண்டும். ஒரு கேபிள் அறுந்தால் வண்டி நிற்கும், உங்கள் வேலையும் அன்றோடு நிற்கும். மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடும் இடமென்றால் அதிலிருந்து இரண்டு மீட்டருக்குள் ஆளோ கம்போ போகக் கூடாது. நாங்கள் இரும்புக் குழாய்ச் சாரமே வேண்டாமென்று பின்பக்கமிருந்து மூங்கில் சாரம்தான் கட்டினோம்.

நிறத்துக்கு வந்தபோது ஒரு வருஷம் ஓடிவிட்டது. சுவரில் கையகல இடத்தில் கத்தியால் அடுக்கடுக்காகப் படி மாதிரி சுரண்டினால் நிறங்களின் வரிசை வெளியே வரும். மேலே பளபளக்கும் மஞ்சள், கீழே பச்சை, அதன் கீழே காவி, எல்லாவற்றுக்கும் அடியில் பல பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு. கூடத்துக்கு வெள்ளையும் அடியில் காவிப் பட்டையும் என்று முடிவானது. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் உரித்தெடுத்த ரெயின்கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டதுபோல் ஆகும் என்பதால் சுண்ணாம்பு வெள்ளையே. வருஷத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும், அது உண்மை.

அப்படிச் சுரண்டும்போதுதான் அந்த எழுத்து வந்தது. ஒரு காலத்தில் சிற்றுண்டி அறையாக இருந்த ஓரத்து அறையின் இரண்டாவது வாசலுக்கு மேலே, காவிக்கு அடியில், கறுப்பில் "இதராள்", அதாவது மற்றவர்கள். இன்னொரு வாசலுக்கு மேலே இருந்தது பூச்சோடு போய்விட்டது. அது என்னவாக இருந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ரயில் நிலையச் சாப்பாட்டு இடங்களில் பிராமணர்களுக்குத் தனியாகவும் மற்றவர்களுக்குத் தனியாகவும் இருந்த ஏற்பாடு, பெரியாரும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து போராடி 1941-ல்தான் ஒழிந்தது. கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. அசிங்கத்தை எதற்குக் காட்ட வேண்டும், பூசி மறைத்துவிடலாம் என்று சிலர். கண்ணாடிச் சட்டம் போட்டு விளக்கு வைக்க வேண்டும் என்று சிலர். என்னைக் கேட்டபோது, மறைக்க வேண்டாம், அலங்கரிக்கவும் வேண்டாம் என்றேன். கம்பீரமான வளைவையும் தேக்கு உத்தரத்தையும் மட்டும் வரலாறு என்று வைத்துக்கொண்டு இதை அழித்தால், நாம் செய்தது சீரமைப்பு இல்லை, ஒப்பனை. எழுத்தைச் சுற்றி ஒரு சதுரத்தை மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள், அதிகக் கேள்வியும் அங்கேதான்.

டிக்கெட் ஜன்னலின் கருங்கல் பலகை இன்னொரு சின்னப் பொக்கிஷம். காசு தள்ளித் தள்ளி நடுவில் கிண்ணம்போலக் குழிந்திருக்கிறது. மெருகு போடும் மிஷினோடு வந்த ஆள் அதைச் சமப்படுத்தித் தருவதாகச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். உள்ளே அட்டை டிக்கெட்டுகள் அடுக்கும் தேக்கு அலமாரியும் பிழைத்திருந்தது. தாமஸ் எட்மண்ட்சன் 1830-களில் இங்கிலாந்தில் கொண்டுவந்த முறை அது: வரிசை எண் போட்ட சின்ன அட்டை, தேதி குத்தும் எந்திரம். கீழிருந்து டிக்கெட்டை உருவினால் அடுத்தது தானாக இறங்கும். ஒவ்வொரு அறையின் கீழும் ஊர்ப் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. அதையும் துடைத்துவிடாமல் இருக்க வேலையாட்களுக்குச் சொல்லிவைப்பதே பெரும்பாடாக இருந்தது. மணியாக அடித்த தண்டவாளத் துண்டு மட்டும் இல்லை. பழைய இரும்புக் கடையில் பொருத்தமாக ஒன்று கிடைக்கும் என்றார்கள். ரயில்வே பொருள் கடைக்கு எப்படி வந்தது என்று கேள்வி வந்தால் பதில் சொல்ல முடியாது. கோட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம், ஒரு துண்டு முறைப்படி வந்து சேர்ந்தது.

கட்டிடம் தயாரானதும் பூட்டி வைத்தால் வௌவால் வந்துவிடும். அருங்காட்சியகம் என்று ஆரம்பித்தார்கள். ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகத்துக்கு இரண்டாவது தடவை யார் வருவார்? பாதையில் இன்னும் ரயில் ஓடுகிறது, பயணிகள் வெயிலில் நிற்கிறார்கள். அதனால் கூடம் மறுபடியும் காத்திருப்புக் கூடமே. மின்விசிறி, குடிதண்ணீர், பெஞ்சு. ஓரத்து அறையில் பத்திரிகைகளும் பழைய படங்களும். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் போல்ட் துளைகள் திறந்தபடியே இருக்கின்றன, மேலே கனமான கண்ணாடி.

பராமரிப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். புரட்டாசி பிறந்ததும் தூம்பும் வடிகாலும் சுத்தம். மழைக்காலத்தில் ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் யாராவது கூடத்துக்குள் நின்று சுவரடியைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாசியில் ஓடு மாற்றுவது, பங்குனியில் வெள்ளை. ஏணி எங்கே இருக்கிறது, யாரிடம் சாவி என்பதும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஏணி தேடியே பாதி ஊர்களில் பராமரிப்பு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். சாவி இப்போது டீக்கடை அக்காவிடம்.

போன மழையில் சாய்தளத்தின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியது, வடிகாலின் மட்டத்தை அங்கே ஒரு அங்குலம் இறக்க வேண்டும். எதிர்ப்பக்கச் சரக்குக் கொட்டகைக்கும் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதன் கூரை முழுக்கத் துத்தநாகம் பூசிய தகடும் இரும்புச் சட்டமும். அது என் வேலை இல்லை, தகரம் தெரிந்த ஆளாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.